ஒரு நாற்காலி, மூன்று கவர்னர்கள்: ஜார்ஜியா, 1947

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 1946-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர் பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். அதன்பிறகு மூன்று பேர் "நான்தான் கவர்னர்" என்று கிளம்பினார்கள் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பதவியைக் கொடுத்திருந்தால் முடிந்திருக்குமே, எதற்கு இவ்வளவு ரகளை?" என்பது உங்கள் கேள்வி. சட்டக் கல்லூரியில் பிற நாட்டு அரசியலமைப்புகளைப் பற்றிய பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் எடுத்தவன் நான். இந்த வழக்கைக் கையில் கொடுத்தால் மாணவர்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்பதும் இதையேதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வென்றவர் செத்துப்போனால் நாற்காலி யாருக்கு என்பது ஒன்று. அது சட்டக் கேள்வி, அதற்கு நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. அந்த வருடம் ஜார்ஜியா மக்கள் உண்மையில் யாரைத்தான் விரும்பினார்கள் என்பது இன்னொன்று. 1947 ஜனவரியில் நடந்த கூத்தை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள், நானும் சொல்லப்போகிறேன். ஆனால் அந்தத் தேர்தலின் தலையெழுத்து அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜூலையில் எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லியிலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர். அமெரிக்காவில் மாநில கவர்னர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சரோடு ஒப்பிட வேண்டியவர். ஆனால் சட்டமன்றப் பெரும்பான்மையை நம்பி இருப்பவர் இல்லை. அவர் போய்விட்டால் கட்சி கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அரசியலமைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வழி. எழுதவில்லை என்றால் திண்டாட்டம்தான்.

சரி, "இரண்டாவதாக வந்தவர்" விஷயத்துக்கு வருவோம். 1946 நவம்பர் பொதுத்தேர்தலில் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்வதே கடினம். கவர்னர் பதவிக்கு வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்தது ஒரே பெயர்: ஜனநாயகக் கட்சியின் யூஜின் டால்மட்ஜ். குடியரசுக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. டால்மட்ஜுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 43 ஆயிரம் ஓட்டு. சீட்டில் இல்லாத பெயரை வாக்காளர் தன் கையால் எழுதிப் போட அங்கே அனுமதி உண்டு. அப்படி எழுதிப் போட்ட ஓட்டுகள்தான் மற்றவர்களுக்குக் கிடைத்தவை. அடுத்த மூன்று இடங்களில் இருந்த மூவருக்கும் சேர்த்தே இரண்டாயிரத்துக்குக் குறைவு. இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு மாநிலத்தைக் கையில் கொடுப்பது எப்படி நியாயமாகும்? ஆனால் நடந்த சண்டை முழுக்க இந்தச் சில நூறு ஓட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒரே பெயர் ஏன் என்றால், அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்கள் ஒரு கட்சி ராஜ்யம். ஆபிரகாம் லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சிக்கு அங்கே வெள்ளையர்களிடையே அநேகமாக ஆதரவே கிடையாது. ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் முதல்நிலைத் தேர்தல், அதாவது பிரைமரி, அதுதான் நிஜத் தேர்தல். நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம். 1946 ஜூலை 17 பிரைமரியில் ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் அதில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. கல்யாணம் ஜூலையிலேயே முடிந்துவிட்டது, நவம்பரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து மட்டும் என்று வகுப்பில் சொல்வேன்.

அந்த பிரைமரியில் கறுப்பின மக்களுக்கு அதுவரை இடமில்லை. கட்சி ஒரு தனியார் சங்கம் மாதிரி, யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்ற சாக்கில் "வெள்ளையர் பிரைமரி" நடத்திவந்தார்கள். 1944-ல் டெக்சாஸ் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் ஜூலை 4-ம் தேதி, ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரத்தில் முடிதிருத்துபவராகவும் மத போதகராகவும் இருந்த பிரைமஸ் கிங் ஓட்டுப் போடப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1946 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்சியின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு ஜார்ஜியாவிலும் கதவு திறந்தது. சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் வாக்காளர்களாகப் பதிந்திருந்தார்கள்.

அப்போது கவர்னராக இருந்தவர் எல்லிஸ் ஆர்னல். 1943-ல் பதவிக்கு வந்தபோது அவருக்கு வயது 35. பதினெட்டு வயதில் ஓட்டுரிமை என்பதை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் ஜார்ஜியா, 1943-ல், அவர் காலத்தில். 1945-ல் ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்ற விதியை ஒழித்தார். வெள்ளையர் பிரைமரியைக் காப்பாற்ற சட்டத்தில் சந்து பொந்து தேடவும் மறுத்தார். ஆனால் தொடர்ந்து இரண்டாவது முறை நிற்க அரசியலமைப்பு அனுமதிக்கவில்லை. அவர் ஆதரவு ஜேம்ஸ் கார்மைக்கேலுக்குப் போனது. போர்க்காலத்தில் மேரியட்டா ஊரில் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தயாரித்த பெல் தொழிற்சாலையை நடத்தியவர் அவர். பழைய கவர்னர் ஈ. டி. ரிவர்ஸும் களத்தில் இருந்தார்.

எதிரே யூஜின் டால்மட்ஜ். சிவப்பு நிறத் தோள்வாரும் கலைந்த தலைமுடியுமாகக் கிராமத்து மேடைகளில் நின்று முழங்குவார். ஏற்கெனவே மூன்று முறை கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர். டிராம் வண்டி ஓடுகிற எந்த ஊரின் ஓட்டும் எனக்கு வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். 1941-ல் இன சமத்துவத்தை ஆதரிக்கிறார் என்று குற்றம்சாட்டிப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைத் தலைவர் வால்டர் காக்கிங்கை வெளியேற்றினார். அதனால் மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிகள் அங்கீகாரத்தையே இழந்தன. அடுத்த வருடம் ஆர்னலிடம் தோற்றதற்கு அது பெரிய காரணம். 1946-ல் அவர் கையிலெடுத்தது ஒரே கோஷம்: வெள்ளையர் பிரைமரியைத் திரும்பக் கொண்டுவருவேன். அவர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபப் படிவங்களை அச்சடித்துக் கவுன்ட்டி கவுன்ட்டியாக (கவுன்ட்டி என்பது நம் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பகுதி) அனுப்ப, கறுப்பின வாக்காளர்களின் பெயர்கள் கொத்துக் கொத்தாக நீக்கப்பட்டன.

பிரைமரி முடிவைக் கேளுங்கள். கார்மைக்கேல் 3,13,389 ஓட்டு. டால்மட்ஜ் 2,97,245. ரிவர்ஸ் ஏறத்தாழ 69 ஆயிரம். பதினாறாயிரம் ஓட்டு முன்னிலையில் இருந்த கார்மைக்கேல் தோற்றார்!

காரணம் "கவுன்ட்டி யூனிட்" என்ற முறை. ஜார்ஜியாவில் 159 கவுன்ட்டிகள் இருந்தன. மக்கள்தொகையில் பெரிய எட்டு கவுன்ட்டிகளுக்கு ஆளுக்கு 6 யூனிட், அடுத்த முப்பதுக்கு 4, மீதி 121-க்கும் ஆளுக்கு 2. மொத்தம் 410. ஒரு கவுன்ட்டியில் யார் முதலிடமோ அவருக்கே அதன் யூனிட் முழுவதும். அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்டன் கவுன்ட்டியில் நாலு லட்சத்தை நெருங்கும் மக்கள், 6 யூனிட். தெற்கு மூலையில் எக்கோல்ஸ் கவுன்ட்டியில் மூவாயிரத்துக்கும் குறைவானவர்கள், 2 யூனிட். அப்படி மூன்று பட்டிக்காட்டுக் கவுன்ட்டிகளைப் பிடித்தால் அட்லாண்டாவுக்குச் சமம். 1917 முதல் இது சட்டமாகவே இருந்தது. டால்மட்ஜ் வாங்கியது 43 சதவீத ஓட்டு, 242 யூனிட். கார்மைக்கேலுக்கு 146, ரிவர்ஸுக்கு 22. ஆக, வெறும் ஓட்டை எண்ணிப் பார்த்தால் அந்த வருடம் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது கார்மைக்கேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வரும் இடம் வேறு. பெயர்களை நீக்கியது முடிவை மாற்றியதா? நீக்கம் நடந்தது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. ஆனால் எந்தெந்தச் சின்னக் கவுன்ட்டியில் அதனால் கை மாறியது என்று கணக்குப் போட்டவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ரிவர்ஸ் நிற்காமல் இருந்திருந்தால் கார்மைக்கேல் ஜெயித்திருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. ரிவர்ஸின் 22 யூனிட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் கார்மைக்கேலுக்கு 168-தான், பெரும்பான்மைக்கு 206 வேண்டும். ரிவர்ஸ் ஓட்டைப் பிரித்ததால் டால்மட்ஜ் பிடித்த கவுன்ட்டிகளையும் சேர்த்தால்தான் அந்த வாதம் நிற்கும். நிற்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. பிரைமரி நடந்த எட்டாவது நாள், ஜூலை 25-ம் தேதி, வால்டன் கவுன்ட்டியில் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு கறுப்பினத் தம்பதிகளை ஒரு வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஒருவர் போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரர். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் கொலைக்கும் தேர்தலுக்கும் நேரடிக் கண்ணி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கோடையில் அந்த மாநிலத்தின் காற்று எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி சட்டத்தின் ஓட்டைக்கு வருவோம். டால்மட்ஜுக்கு உடம்பு சரியில்லை. பிரைமரி ஜெயித்த கையோடு அது மோசமானது. அவர் ஆட்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கவர்னர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால், அதிக ஓட்டு வாங்கியவர்களில் அப்போது உயிரோடு இருக்கும் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 'உயிரோடு இருக்கும்' என்ற அந்தச் சொல் கண்ணில் பட்டது. ஒருவேளை பெரியவர் போய்விட்டால், எழுதிப் போட்ட ஓட்டில் முன்னால் இருப்பவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாமே? அதனால் யூஜினின் மகன் ஹெர்மனின் பெயரை எழுதிப் போடும்படி நம்பகமான சிலரிடம் மட்டும் சத்தமில்லாமல் சொல்லி வைத்தார்கள். ஹெர்மனுக்கு வயது 33, பசிபிக் போரில் கடற்படையில் இருந்தவர், அப்பாவின் பிரச்சாரத்தை நடத்தியவர். அவர்கள் கணக்குப் பொய்க்கவில்லை. 1946 டிசம்பர் 21 அன்று யூஜின் டால்மட்ஜ் இறந்தார்.

அப்போது சட்டத்தில் இருந்தவை மூன்று வாசகங்கள். இப்போது சொன்னது ஒன்று. கவர்னரின் பதவிக்காலம் நான்கு வருடம், "அவருக்கு அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தகுதி பெறும் வரை" அவரே நீடிப்பார் என்பது இரண்டு. கவர்னர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ துணை கவர்னர் பொறுப்பேற்பார் என்பது மூன்று. துணை கவர்னர் பதவியே 1945-ம் ஆண்டின் புதிய அரசியலமைப்பில்தான் முதன்முதலாக உருவானது. அதற்கு நடந்த முதல் தேர்தலில் ஜெயித்தவர் எம். ஈ. தாம்ப்சன், ஆர்னல் அணிக்காரர். ஒவ்வொரு ஆளும் தனக்கு வசதியான வாசகத்தைப் பிடித்துக்கொண்டார். ஹெர்மனுக்கு முதல் வாசகம். ஆர்னலுக்கு இரண்டாவது. தாம்ப்சனுக்கு மூன்றாவது. ஆனால் யூஜின் இறந்தபோது கவர்னர் இல்லை, கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே. அந்த இடைவெளியில் ஒருவர் சாகலாம் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. இதில் எனக்கு எரிச்சல் தருவது, மத்திய அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் 1933-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டது: தேர்வான ஜனாதிபதி பதவியேற்கும் முன் இறந்தால், தேர்வான துணை ஜனாதிபதி ஜனாதிபதியாவார். பன்னிரண்டு வருடம் கழித்துப் புது அரசியலமைப்பு எழுதியவர்கள் அந்த ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தால், நான் இந்தப் பதிலை எழுத வேண்டியிருக்காது.

1947 ஜனவரி 14 அன்று அட்லாண்டாவில் சட்டமன்றம் ஓட்டுகளைத் திறந்து எண்ணியது. அங்கேதான் இடி. கார்மைக்கேல் பெயரை எழுதிப் போட்டவர்கள் 669. கல்லறைக் கல் விற்றுக்கொண்டிருந்த குடியரசுக் கட்சிக்காரர் டால்மட்ஜ் பவர்ஸுக்கு 637 (குடும்பப்பெயர் பவர்ஸ்தான், முதல் பெயர் எப்படியோ அப்படி அமைந்துவிட்டது). ஹெர்மனோ மூன்றாம் இடத்தில். முதல் இரண்டு இடத்துக்குள் இல்லை என்றால் விதிப்படி அவரைத் தொடவே முடியாது. கொஞ்ச நேரத்தில் டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த ஊர் இருக்கும் டெல்ஃபேர் கவுன்ட்டியிலிருந்து ஒரு "விட்டுப்போன" கட்டு வந்து சேர்ந்தது. அதில் ஹெர்மனுக்கு ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட ஓட்டு. மொத்தம் 675, முதலிடம். (ஓரிரு ஓட்டு கூடக் குறையப் போட்ட கணக்குகளையும் பார்த்திருக்கிறேன், வரிசை மட்டும் எதிலும் மாறவில்லை.) நள்ளிரவு தாண்டி, 15-ம் தேதி அதிகாலையில், 161-க்கு 87 என்ற கணக்கில் சட்டமன்றம் ஹெர்மனைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தது.

அப்புறம் நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹெர்மன் கூட்டத்தோடு கவர்னர் அறைக்குப் போனார். ஆர்னல் நாற்காலியை விட்டு எழவில்லை. சட்டமன்றத்துக்கு உன்னைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே இல்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் இரவு ஹெர்மன் தரப்பு அறையைக் கைப்பற்றிப் பூட்டை மாற்றியது. காலையில் வந்த ஆர்னல், தலைமைச் செயலகத்தின் வட்டக்கூடத்தில் பார்வையாளர்களுக்குத் தகவல் சொல்லும் சிறிய மேசையில் உட்கார்ந்து "இதுதான் கவர்னர் அலுவலகம்" என்றார். அங்கிருந்தும் துரத்தப்பட்டு, ஊருக்குள் கேண்ட்லர் கட்டிடத்தில் இருந்த தன் வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். கவர்னர் மாளிகையிலும் ஹெர்மன் குடும்பம் குடியேறிவிட்டது. ஜனவரி 18 அன்று தாம்ப்சன் துணை கவர்னராக உறுதிமொழி எடுத்தார். ஆர்னல் ராஜினாமா செய்தார். தாம்ப்சன் தானே பொறுப்பு கவர்னர் என்று அறிவித்தார். கவனியுங்கள், மூவரும் ஒரே நேரத்தில் உரிமை கோரிக்கொண்டிருந்தது சில நாட்கள்தான். அதற்குப்பின் இரண்டு மாதம் இரண்டு கவர்னர்கள். "மூன்று கவர்னர்கள்" என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த இரண்டு மாதமும் எந்த உத்தரவு செல்லும், எது செல்லாது என்று யாருக்கும் தெரியாத நிலை. மாநில முத்திரையைக் கையில் வைத்திருந்த மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன் அதை யாருக்கும் தர மறுத்தார். அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். முத்திரையை உட்காரும் மெத்தைக்கு அடியில் ஒளித்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார் என்பது ஜார்ஜியாவில் குழந்தைக்கும் தெரிந்த கதை. ஹெர்மன் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு அலுவலகம் போய்வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். முத்திரையைப் பூட்டி வைத்தது நடந்த விஷயம். மற்ற ஜோடனைகள் சொல்பவர் வாய்க்கு ஏற்பக் கூடியிருக்கலாம்.

மார்ச் 19 அன்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தாம்ப்சன் பக்கம் தீர்ப்பளித்தது. தர்க்கம் எளிமையானது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வருவது யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது மட்டுமே. இங்கே ஒருவருக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்பதால் அவருக்கு விழுந்த ஓட்டுகள் காணாமல் போய்விடாது. எண்ணி அறிவிப்பதோடு சட்டமன்றத்தின் வேலை முடிந்தது. அடுத்தவர் தகுதி பெறாததால் ஆர்னலின் பதவி நீடித்தது. அவர் ராஜினாமா செய்ததும் அது முறைப்படி துணை கவர்னரிடம் போனது. அடுத்த பொதுத்தேர்தல் வரை தாம்ப்சன் பொறுப்பில் இருப்பார். ஹெர்மன் தீர்ப்பை ஏற்று அன்றே வெளியேறினார். துப்பாக்கிக் கதைகளுக்கு நடுவே இதை மறந்துவிடக் கூடாது. அவர் காலத்தில் கையெழுத்தான வெள்ளையர் பிரைமரிச் சட்டமும் அதோடு காற்றில் போனது.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதிலும் இந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: வென்றவர் இறந்ததால் இரண்டாமவர் வென்றவராக முடியாது. எதிர்த் தரப்பு வாதம் முட்டாள்தனமானது என்றும் நினைக்க வேண்டாம். "உயிரோடு இருக்கும்" என்ற சொல்லை விதியில் ஏன் போட்டார்கள், இப்படி ஒரு நிலைமைக்குத்தானே என்று அவர்கள் கேட்டார்கள். நானும் சில வருடம் வகுப்பில் அந்தப் பக்கம் நின்று வாதாடிப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்கார மாணவர்கள் திணறியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் வருவது பெரும்பான்மை இல்லாதபோது என்ற நிபந்தனைக்குப் பிறகு. முன்வாசலே திறக்காதபோது உள்ளறையில் என்ன எழுதியிருந்தால் என்ன?

டெல்ஃபேர் கட்டுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 'அட்லாண்டா ஜர்னல்' நாளிதழின் நிருபர் ஜார்ஜ் குட்வின் அந்தக் கவுன்ட்டிக்கே போய் வாக்காளர் பட்டியலைப் பார்த்தார். ஹெலினா சாவடியில் முப்பத்துச் சொச்சம் பேர் ஆங்கில அகரவரிசைப்படி வரிசையாக வந்து ஓட்டுப் போட்டதாகப் பதிவு. 'ஏ'-யில் தொடங்கி 'கே'-யில் நின்றுவிட்டது. அதற்குப்பின் எழுத்துள்ள ஒருவருக்கும் அன்று ஓட்டுப் போடத் தோன்றவில்லை போலும்! பட்டியலில் இருந்தவர்களில் சிலர் செத்துப்போனவர்கள், சிலர் ஊரைவிட்டே போனவர்கள். மார்ச் தொடக்கத்தில் செய்தி வெளியானது; அடுத்த வருடம் குட்வினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மோசடி நடந்தது என்பது நிச்சயம். யார் கையால், யார் சொல்லி என்பது எந்த நீதிமன்றத்திலும் தீர்மானமாகவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்த மோசடியின்மேல் நிற்கவில்லை. அந்தக் கட்டு நூற்றுக்கு நூறு நேர்மையானதாக இருந்திருந்தாலும் முடிவு அதேதான். பல இணையக் கட்டுரைகள் "மோசடி அம்பலமானதால் ஹெர்மன் பதவி இழந்தார்" என்று எழுதுகின்றன. அது தவறு.

சட்டத்தில் தோற்ற ஹெர்மன் அரசியலில் தோற்கவில்லை. 1948 செப்டம்பரில் மீதிக் காலத்துக்கு நடந்த பிரைமரியில் தாம்ப்சனை 312-க்கு 98 யூனிட் என்று வீழ்த்தினார். இந்தமுறை மக்கள் ஓட்டிலும் அவரே முன்னால். அதன்பின் 1955 தொடக்கம் வரை கவர்னர், 1957 முதல் 1981 வரை வாஷிங்டனில் செனட்டர். கவுன்ட்டி யூனிட் முறை 1963 வரை உயிரோடு இருந்தது. அந்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எக்கோல்ஸ் கவுன்ட்டியில் ஒருவர் ஃபுல்டன் கவுன்ட்டியில் 99 பேருக்குச் சமமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற அடிப்படையில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் பெரும்பான்மை இல்லையேல் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் என்ற விதி அப்போதும் புத்தகத்தில் இருந்தது. 1966-ல் குடியரசுக் கட்சியின் போ காலவே கவர்னர் தேர்தலில் முதலிடம் வந்தார், ஆனால் பாதிக்கு மேல் இல்லை. ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடக்ஸ் சுமார் மூவாயிரம் ஓட்டு மட்டுமே பின்னால். தன் உணவகத்தில் கறுப்பினத்தவரை உள்ளே விட மறுத்துப் பெயர் வாங்கியவர் மேடக்ஸ். இந்தமுறை நிஜமாகவே யாருக்கும் பெரும்பான்மை இல்லை, அதனால் விதி செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1967 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி நிரம்பிய சட்டமன்றம், இரண்டாவதாக வந்த மேடக்ஸைக் கவர்னராக்கியது. நீங்கள் கேட்ட "இரண்டாவதாக வந்தவருக்குப் பதவி" கடைசியில் அங்கே நடந்தேவிட்டது. காலவேக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போனது, இருவரையும் பிடிக்காத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சீட்டில் இல்லாத ஒரு பெயரைக் கையால் எழுதிப் போட்டதால். அவர்கள் எழுதிய பெயர் எல்லிஸ் ஆர்னல்.